கல்யாண வீடியோ ஒரே டிஸ்கில் அடங்குமா? வாசகர் கேள்வி, நம் பதில்

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: சார், என் தம்பி கல்யாணம் 2006-ல் நடந்தது. டிஜிட்டல் கேமரா டேப்பில் எடுத்து, மிக்ஸிங் முடித்த இரண்டரை மணி நேர வீடியோ ஹார்டு டிஸ்கில் 32 ஜிபி இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு டிவிடி பிளேயர்தான் பழக்கம். ஒரு கடையில் கொடுத்து ஒரே டிவிடியில் போட்டு வாங்கினேன். தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. டிஸ்க் கோளாறா?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. கீறலோ கெட்ட இடமோ இருந்தால் படம் திக்கித் திணறி நிற்கும், பிளேயரை மாற்றினால் நிற்கும் இடமும் கொஞ்சம் மாறும். எந்த பிளேயரில் போட்டாலும் அதே காட்சியில், அதே நொடியில் உடைகிறது என்றால் அது சுருக்கிய விதத்தில் வந்த குறை. மூலமான 32 ஜிபி உங்கள் கையில் இருக்கிறதே, அதனால் முழுவதுமாகச் சரி செய்யலாம்.

கல்யாண வீடியோவில் சுருக்குவதற்கு மிகக் கஷ்டமான இடமே தாலி கட்டும் நேரம்தான். காரணத்தைச் சொல்கிறேன். டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 முறை எல்லாப் படத்தையும் முழுசாக எழுதாது. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 படம் ஓடுகிறது. அதில் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு படத்தைத்தான் முழுதாக எழுதும். நடுவில் வருபவற்றுக்கு, பக்கத்துப் படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, ஒவ்வொருவராக வந்து பரிசு கொடுத்துவிட்டுப் போகும் ரிசப்ஷன் காட்சியில் பின்னால் இருக்கும் அலங்காரம் மாறுவதே இல்லை. அதற்கு ரொம்பக் கொஞ்சம் இடம் போதும்.

கெட்டிமேளம் கொட்டியதும் என்ன ஆகிறது? அட்சதை நாலா பக்கமிருந்தும் பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் பூவிதழும் அதன் போக்கில் போகிறது. போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் அடுத்தடுத்து வெட்டுகிறது. ஃபிளாஷ் விழுந்த அந்த ஒரு படம் வெள்ளையாகிவிடுவதால், பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டு எழுத அதில் ஒன்றும் மிஞ்சாது. ஹோமப் புகை ஒரு பக்கம். பின்னாலிருந்து கூட்டம் நெருக்க, கேமராவும் ஆடுகிறது. படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துத்தான் எம்பெக் கணக்குப் போடுகிறது. இடம் போதாமல் போனால் கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கத்தை விட்டுவிட்டு, சராசரி நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த கட்டங்கள் இவைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிவிடியில் எவ்வளவு கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டே விஷயங்கள்: எத்தனை நொடி ஓடுகிறது, நொடிக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம். சாதாரண டிவிடி 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். (கம்ப்யூட்டர் இதையே 4.37 என்று காட்டும். கணக்கிடும் முறைதான் வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை.) பைட்டை எட்டால் பெருக்கினால் 37,600 மெகாபிட். மெனு, கோப்பு அமைப்பு, கொஞ்சம் காலி இடம் என்று கழித்து 36,000 என்று வையுங்கள். உங்கள் வீடியோ 150 நிமிடம், 9,000 நொடி. வகுத்தால் நொடிக்கு 4 மெகாபிட். படம், சத்தம் இரண்டும் இதற்குள் அடங்க வேண்டும். கேமரா டேப்பிலிருந்து வந்த கோப்பு மணிக்கு 13 ஜிபி வீதம் இருக்கும், சத்தத்தையும் சேர்த்து நொடிக்குக் கிட்டத்தட்ட 29 மெகாபிட். ஆக ஏழில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம். எம்பெக்-2 இதைத் தாங்கும், சரியாகச் செய்தால்.

அந்தச் 'சரியாக'வில் முதலில் பார்க்க வேண்டியது சத்தம். பல மென்பொருள்கள் கேட்காமலே சத்தத்தைச் சுருக்காத பிசிஎம்மாக வைத்துவிடும். அது நொடிக்கு 1.5 மெகாபிட் தின்னும். உங்களிடம் இருப்பதே நாலு, அதில் ஒன்றரையைச் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டால் படத்துக்கு என்ன மிஞ்சும்? சத்தத்தைச் சுருக்கி வைக்கும் டால்பி டிஜிட்டல் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் நொடிக்கு 192 கிலோபிட் போதும் என்பார்கள். நான் கல்யாண வீடியோவுக்கு 256 வைப்பேன். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்தில் வாசிக்கும்போது 192-ல் ஓசை மெலிந்து, ஓரம் கரகரப்பது என் காதுக்குத் தெரிகிறது. 256 கொடுத்தாலும் படத்துக்கு 3.7 மெகாபிட் இருக்கிறது.

அடுத்தது, உங்கள் கடையில் விட்டுப்போனது என்று நான் நினைப்பது: டூ பாஸ். எல்லா நொடிக்கும் ஒரே அளவு என்று வைத்தால் ரிசப்ஷனுக்கு அனாவசியமாக 3.7 போகும், தாலி கட்டும்போது அதே 3.7 போதாமல் உடையும். டூ பாஸில் மென்பொருள் முதல் முறை முழு வீடியோவையும் ஓட்டிப் பார்த்து எந்த இடம் கடினம் என்று குறித்துக்கொள்ளும், இரண்டாம் முறைதான் எழுதும். மாதச் சம்பளத்தில் மற்ற நாள் மிச்சம் பிடித்துத் தீபாவளிக்குச் செலவழிப்பது மாதிரி. சராசரி 3.7, உச்சம் 8 என்று வைக்கச் சொல்லுங்கள். டிவிடி முறைப்படி படத்துக்கு 9.8 வரை போகலாம். ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்கைப் படிக்கும்போது பழைய பிளேயர்கள் அந்த உயரத்தில் திணறுகின்றன, அதனால் எட்டுக்கு மேல் நான் போகமாட்டேன். இப்படிச் சுருக்கி எழுதி முடிக்க (ரெண்டர் ஆக) இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பரவாயில்லை, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த இடங்களில் படம் முழுக்கப் பொடிப்பொடியாக நெளியும். அந்தப் பொடிக்கு முந்தைய படத்தோடு எந்த உறவும் இல்லை. சுருக்கும் மென்பொருளான என்கோடர் அதையும் நுணுக்கம் என்றே எடுத்துக்கொண்டு பிட்டைச் செலவழிக்கும். அந்தப் பொடியை (நாய்ஸ்) குறைக்கும் ஃபில்டரை லேசாகப் போட்டால் அந்த இடம் மிச்சமாகும். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கூடுதலாகப் போட்டால் பட்டுச்சேலைச் சரிகையும் சேர்ந்து மழுங்கிவிடும். காஞ்சிபுரம் பட்டின் பார்டர் மெழுகு பூசினாற்போலத் தெரிந்தால் உடனே குறையுங்கள்.

கடைக்காரர் 'ரிசப்ஷனை வெட்டிவிடலாம், ஒரே மாதிரி ஓடுகிறது' என்று சொல்லியிருப்பார், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த வரிசையில் வந்து நின்ற பெரியப்பாவும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வேறு எந்தக் காட்சியிலும் முகம் காட்டியிருக்க மாட்டார்கள். கணக்குப்படியும் அதில் லாபம் குறைவு, டூ பாஸில் அந்த இடம்தான் ஆகக் குறைவாகச் செலவாகிறது. இடம் வேண்டுமென்றால் மிக்ஸிங்கில் சேர்த்த பூ விரியும் எஃபெக்ட், படம் சுழன்று வரும் எஃபெக்ட், சினிமாப் பாட்டுக்கு அதே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பது, இவற்றை எடுங்கள். சுழலும் எஃபெக்டில் புள்ளிக்குப் புள்ளி மாறுவதால் பிட் அதிகம் தின்னும்.

இன்னும் ஒன்று. அந்த டேப் கோப்பில் படம் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு ஃபீல்டுகளாக இருக்கும், கீழ் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் மேல் ஃபீல்டு முதல் என்று மாறியிருந்தால் நகரும் எல்லாமே முன்னும் பின்னும் துடிக்கும். முழுசும் எழுதுவதற்கு முன் இரண்டு நிமிடத்தை மட்டும் அழித்து எழுதக்கூடிய ஒரு ஆர்டபிள்யூ டிஸ்கில் போட்டு அம்மாவின் டிவியிலேயே பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் இது சரியாகத் தெரியாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீட்டு விசேஷத்தை 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்கில் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு 4.7 டிஸ்கில் காப்பி போட வேண்டும். டிவிடி ஷ்ரிங்க் போதுமா?

டிவிடி ஷ்ரிங்க் 2004-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத இலவச மென்பொருள். ஆனாலும் இந்த ஒரு வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யும். படத்தை முழுசாக விரித்து மறுபடி எழுதாமல், ஏற்கெனவே உள்ள எம்பெக்-2 எண்களை மட்டும் இன்னும் கரடுமுரடாகச் சுருக்கும். அதனால்தான் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. கொஞ்சமாகக் குறைக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. உங்களுடையது டிஸ்க் நிறைய இருந்தால் 55 சதவீதத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். அது அதிகம். 75-க்குக் கீழே போனாலே முகங்களில் மெழுகுத்தனம் வரத் தொடங்கும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அசையும் மெனு, போட்டோ ஆல்பம் ஸ்லைடு, இரண்டாவது ஆடியோ என்று ஏதாவது இருக்கும். அவற்றை நீக்கினால் சதவீதம் ஏறும். அப்படியும் 75-ஐத் தொடவில்லை என்றால் சுருக்கவே வேண்டாம், இரண்டு டிஸ்காகப் பிரித்துவிடுங்கள். முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று. டிஸ்க் ஒன்று கூடும், அவ்வளவுதான், படத்திலிருந்து ஒரு பிட்கூடப் போகாது. 'ஒரே டிஸ்கில் இருக்க வேண்டும்' என்ற பிடிவாதத்தால் நல்ல படத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். (இதெல்லாம் உங்கள் வீட்டு வீடியோவுக்கு. கடையில் வாங்கும் சினிமா டிவிடியின் பூட்டை உடைப்பது 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். அதற்கு நான் வழி சொல்லமாட்டேன்.)

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி: 1999-ல் நடந்த எங்கள் கல்யாணம் மூன்று விசிடியில் (வீடியோ சிடி) இருக்கிறது. ஒரே டிவிடிக்கு மாற்றினால் படம் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். உங்கள் விஷயத்தில் சுருக்க வேண்டியதே இல்லை. விசிடியில் இருப்பது எம்பெக்-1, 352-க்கு 288 புள்ளி, சத்தத்தோடு சேர்த்து நொடிக்கு 1.4 மெகாபிட்டை ஒட்டி. இந்த அளவுப் படத்தை டிவிடி முறையே ஏற்றுக்கொள்கிறது. படத்தை அப்படியே எடுத்து வைக்கலாம். சத்தம் மட்டும் விசிடியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 வேண்டும், அதை மட்டும் மாற்றினால் போதும். இந்தக் கணக்கில் ஒரு டிவிடியில் ஏழு மணி நேரம் கொள்ளும். மூன்று விசிடி தாராளமாக அடங்கும்.

கடையில் கொடுத்தால் 'படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் டிவிடியாகப் போடுங்கள்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 720-க்குப் பெரிதாக்கி, திரும்பச் சுருக்கி, ஏற்கெனவே உள்ள கட்டங்களின் மேல் இன்னொரு அடுக்குக் கட்டத்தை ஏற்றிவிடுவார்கள். 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 1999-ல் பதிவாகாத நுணுக்கம் பெரிதாக்குவதால் வந்துவிடாது.

அவசரம் எதில் என்றால், காப்பி எடுப்பதில்தான். 700 எம்பி என்று அட்டையில் போட்ட சிடியில் விசிடி 800 எம்பி வரை எழுதும். எப்படி? சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் பிழை திருத்தத்துக்கென்று ஒதுக்கும் கூடுதல் இடத்தையும் விசிடி படத்துக்கே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கீறலை டேட்டா சிடி அளவுக்கு அதனால் சமாளிக்க முடியாது. டிஸ்கைத் திறந்து, எம்பெகாவ் (MPEGAV) என்ற ஃபோல்டரில் இருக்கும் டாட் (.DAT) கோப்புகளை இந்த வாரமே ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். நடுவில் நின்றால் வேறொரு கம்ப்யூட்டரின் டிரைவில் முயலுங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றிய நாலு மணி நேரம் இருக்கிறது. ஒரே டிவிடியில் போட்டால் கேவலமாக வருகிறது.

நாலு மணி நேரம் என்றால் நொடிக்கு 2.5 மெகாபிட்தான் கிடைக்கும். அதை 720-க்கு 576 புள்ளியில் பரப்பினால் உடையத்தான் செய்யும். 352-க்கு 576 என்று வையுங்கள், இதுவும் டிவிடி முறை அனுமதிக்கும் அளவுதான். விஎச்எஸ் டேப்பில் அகலவாட்டில் தெளிவு 240 கோடு அளவுக்குத்தான் இருக்கும். 352 புள்ளி அதற்குத் தாராளம். புள்ளிகள் பாதியாகக் குறைவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு இரட்டிப்பாகும். உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள், ஃபீல்டு கெட்டுப் படம் துடிக்கும். படத்தின் அடியில் கிழிந்தாற்போல ஓடும் பட்டையைக் கறுப்பால் மூடிவிடுங்கள், அதற்கும் பிட் வீணாகிறது.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஹேண்டிகேமில் போட்ட சின்ன வட்ட டிஸ்கில் குழந்தையின் முதல் பிறந்தநாள் இருக்கிறது. கேமராவில் தெரிகிறது, டிவிடி பிளேயரில் 'நோ டிஸ்க்' என்கிறது.

ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த 8 சென்டிமீட்டர் டிஸ்க் 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம் பிடிக்கும். கேமராவில் பதிந்த பிறகு உள்ளடக்கப் பட்டியலை எழுதி முடித்தால்தான் மற்ற பிளேயருக்கு அது டிவிடி என்றே தெரியும். எடுத்த அதே கேமராவில் போட்டு, சார்ஜரை மாட்டிவிட்டு, மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது. முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள். மூன்று சின்ன டிஸ்கைச் சுருக்காமலே ஒரு பெரிய டிவிடியில் சேர்த்துவிடலாம். தட்டு வெளியே வராமல் டிஸ்கை இழுத்துக்கொள்ளும் கார் பிளேயரிலும் லேப்டாப்பிலும் இந்தச் சின்ன டிஸ்கைப் போடவே போடாதீர்கள். சிக்கிக்கொண்டால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார். டிவிடி அனுப்பலாமா?

அங்கே டிவிக்கு என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 30-ஐ ஒட்டிய படம். அங்குள்ள பல பிளேயர்கள் நம் பால் டிஸ்கை எடுக்காது. அதற்காக மறுபடி மாற்றினால் அசைவு வெட்டி வெட்டி ஓடும். மூலத்திலிருந்து ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், எச்.264 என்ற சுருக்கு முறையில் எம்பி4 கோப்பாகப் போட்டு பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள், இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே படமாக்கும் டிஇன்டர்லேஸை டிக் செய்ய மறக்காமல். எம்பெக்-2-ல் பாதி பிட்ரேட்டிலேயே இது நன்றாக வரும். பென்டிரைவின் கோப்பு அமைப்பு ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: எழுதிய டிஸ்க் கடைசி பத்து நிமிடத்தில் நிற்கிறது. மேலே போட்டோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

அந்த ஸ்டிக்கர்தான். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து டிஸ்க் ஆடுகிறது. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசிக் காட்சிகள் விளிம்பில் இருக்கும், ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், டிஸ்க் கெட்டுப்போகலாம். புதிதாக எழுதி, டிஸ்குக்கென்று விற்கும் மார்க்கரால் நடு வளையத்தில் பெயர் எழுதுங்கள். 4.7 வரை நிரப்பாமல் விளிம்பில் கொஞ்சம் விட்டுவையுங்கள். 16 வேகம் என்று போட்டிருந்தாலும் 8-ல் எழுதுங்கள், முடிந்ததும், எழுதியது சரிதானா என்று சோதிக்கும் வெரிஃபை கொடுங்கள்.

தஞ்சாவூர் வாசகிக்கு ஒரு வரி விட்டுப்போனது. டிவிடி நன்றாக வந்துவிட்டது என்று அந்த 32 ஜிபியை அழித்துவிடாதீர்கள், இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு காப்பி வையுங்கள். டேப்பிலிருந்து மறுபடி ஏற்ற, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் போர்ட்டும், ஓடும் நிலையில் ஒரு கேமராவும் வேண்டும். இப்போது விற்கும் லேப்டாப்களில் அந்த போர்ட் கிடையாது.